குப்பம்மாள் சொன்ன வார்த்தை

குயிலாப்பாளையம் கடைத்தெருவில், ஒரு ஜூஸ் கடையின் சுவரில் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ரேணுகா ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

ஆள் உயரப் போஸ்டர். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, நெற்றி வியர்வையில் உப்புத்தூள் ஒட்டியிருக்க, குப்பம்மாள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மரக்காணத்து உப்பளம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தது. முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'பழகிப்போச்சு'. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், இது ஓர் ஆவணப்படம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தத் தெருவிலேயே இருக்கும் விருந்தினர் விடுதியில் காட்டப்போகிறார்கள், எல்லோரும் வரலாம் என்று போட்டிருந்தது.

படம் எடுத்ததைப் பற்றிக் குப்பம்மாள் மகளிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால்தான் ஆச்சரியம். பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன் என்பதோடு அவர்கள் பேச்சு முடிந்துவிடும். ஆனால் ரேணுகாவைப் பிடித்து உலுக்கியது அம்மாவின் முகம் இல்லை, முகத்துக்குக் கீழே இருந்த வார்த்தை. வேறு எந்த வார்த்தையைப் போட்டிருந்தாலும் அவள் பார்த்துவிட்டு வேலைக்குப் போயிருப்பாள்.

வண்டியை விட்டு இறங்கிப் போய் போஸ்டரின் மூலையைப் பிடித்து இழுத்தாள். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. பாதி முகம் சுவரிலேயே நின்றது. மிச்சத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கியபோது கடைக்காரர் வெளியே வந்து சத்தம் போட்டார். காசு வாங்கிக்கொண்டு ஒட்டவிட்ட இடம், நீ யார் கிழிப்பதற்கு என்று கேட்டார்.

"இது எங்கம்மா" என்றாள் ரேணுகா.

அவர் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, படம் எடுத்தவர் பாண்டிச்சேரிக்காரர், பெயர் மேத்யூ, விடுதியில் மாடி அறையில்தான் தங்கியிருக்கிறார், போய்ப் பார்த்துக் கேட்டுக்கொள் என்றார்.

அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனி பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தைத்த பையை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

அந்த வார்த்தையை அவள் முதல்முதலாகக் கேட்டது பள்ளிக்கூடம் போகிற வயதில். அப்பா பலராமன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். ஓங்கின கையைச் சும்மா இறக்கத் தெரியாதவர். ஒருநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா வந்து வாசலில் நின்றாள். குப்பம்மாளின் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. இப்படியா அடிப்பான் மனுஷன், எப்படித்தான் தாங்குறியோ என்று அக்கா கேட்டாள். குப்பம்மாள் அடுப்பில் கேழ்வரகுக் கூழைத் துழாவிக்கொண்டே, திரும்பாமல், "பழகிப்போச்சுக்கா" என்றாள். கதவுக்குப் பின்னால் ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த ரேணுகாவுக்கு அப்போது கூழ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அம்மா கவனிக்கவில்லை. தீய்ந்த கூழைத்தான் அன்று எல்லோரும் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை எங்கே கேட்டாலும் அவளுக்கு மூக்கில் தீய்ந்த வாசனை ஏறிவிடும். பக்கத்து மிஷின்காரி, கழுத்து வலி பழகிப்போச்சு என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். பஸ்ஸில் யாராவது, இந்தக் கூட்டம் நமக்குப் பழகிப்போச்சு என்பார்கள். அவர்களுக்கெல்லாம் அது ஒரு சாதாரணப் பேச்சு. ரேணுகாவுக்கு மட்டும் வீங்கின கன்னமும் மூடின கண்ணும் துழாவுகிற கையும் எதிரில் வந்து நிற்கும்.

பிறகு அவளுக்கே கல்யாணம் ஆயிற்று. திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ஐயப்பன். அவனுக்கும் கை ஓங்குகிற பழக்கம்தான். ஒருநாள் அவன் விட்ட அறையில் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. கட்டின புடவையோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மரக்காணம் வந்தாள். பலராமன் அப்போது பக்கவாதம் வந்து பாயில் கிடந்தார். குப்பம்மாள் அவர் வாயிலிருந்து வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரேணுகா அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "பழகிடும்மா" என்றாள்.

ரேணுகா உட்காரக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பி நடந்தாள். குயிலாப்பாளையத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி இருந்தாள், அவள் வீட்டில் தங்கி, தையல் வேலையில் சேர்ந்து, அப்புறம் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அப்பா செத்ததற்குப் போனாள், காரியம் முடிந்ததும் வந்துவிட்டாள். ஐயப்பனிடம் திரும்பிப் போகவே இல்லை. அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. காலம் கடத்திவிட்டாய், ஜவ்வு கிழிந்து உள்ளே சீழ் வைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இதை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் விடுதிக்குப் போய் மாடி ஏறினாள். மேத்யூவுக்கு நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிற ஆள். குப்பம்மாளின் மகள் என்றதும் முகமெல்லாம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ரேணுகா உட்காரவில்லை. படத்தைக் காட்டுங்க என்றாள். அவர் லேப்டாப்பைத் திறந்து வைத்தார்.

விடியலில் உப்பளத்துக்கு நடந்து போகிற பெண்கள், பாத்தியில் தேங்கிய உப்புத்தண்ணீர், நீண்ட கழியில் பலகை மாட்டி உப்பை வாரி வரப்பில் குவிக்கிற கைகள் என்று படம் போயிற்று. வெடித்த பாதங்களை ரொம்பப் பக்கத்தில் காட்டினார்கள். பின்னால் மேத்யூவின் குரல், "கஷ்டமா இல்லையாம்மா?" என்று கேட்டது. குப்பம்மாள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். சிரித்தாள். "பழகிப்போச்சு" என்றாள். உடனே புல்லாங்குழல் எழுந்தது. வானம், கடல், நாரைகள். வாழ்க்கை தருவதை முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொள்ளும் பெருமனம் இந்தக் கரையின் பெண்களுடையது என்று ஒரு குரல் படித்தது.

"நிறுத்துங்க சார்."

அவர் நிறுத்தினார்.

"ஏத்துக்கிட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அவங்கதாங்க சொல்றாங்க. பழகிப்போச்சுன்னு."

அந்த வார்த்தைக்கு உங்களுக்கு என்ன அர்த்தம் தெரியும் என்று ரேணுகா கேட்டாள்.  அவர் லேப்டாப்பை மூடினார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

அப்பா அந்தோணிதாஸ் பாண்டிச்சேரியில் பள்ளிக்கூட வாத்தியார். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. பார்வை போன புதிதில் தட்டைத் தூக்கி எறிவார், யாரையும் கிட்டே விடமாட்டார், சாகிறேன் சாகிறேன் என்று கத்துவார். வீட்டில் எல்லோரும் அவருக்குப் பயந்து கிடந்தார்கள். ஒருநாள் காலையில் யாரையும் கூப்பிடாமல், சுவரைத் தடவித் தடவிக் குளியலறைக்குப் போய்த் தானே முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். முகவாயில் ரத்தம். கஷ்டமா இருக்காப்பா என்று மேத்யூ கேட்டதற்கு, பழகிப்போச்சுடா என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மேத்யூ மொட்டை மாடிக்குப் போய் அழுதார். அதைவிடத் தைரியமான ஒரு வார்த்தையைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். "உங்கம்மா அதே வார்த்தைய, அதே மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னதும் எனக்கு உடம்பு சிலுத்துப்போச்சுங்க. படம் முழுக்க அத வெச்சுத்தான் கட்டினேன்."

ரேணுகா அவரை நம்பினாள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. ஆள் புளுகியிருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போஸ்டர் எல்லாவற்றையும் கிழித்துப்போட்டுப் போயிருக்கலாம். இவர் உண்மையைத்தான் சொல்கிறார். அந்தக் கண் தெரியாத மனுஷனுடைய வார்த்தையும் உண்மைதான். அதைக் கொண்டுவந்து தன் அம்மாவின் வாயில் எதற்காகத் திணிக்க வேண்டும்?

"அது உங்கப்பாவோட வார்த்தை சார். எங்க வீட்டுல அது அடிவாங்கிற பொம்பள சொல்ற வார்த்தை. அதுக்குப் புல்லாங்குழல் ஊதுறீங்க."

எதிர்வீட்டு அக்கா வந்த காலையைப் பற்றிச் சொன்னாள். கூழைப் பற்றியும் சொன்னாள். தன் காதைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இது உங்களுக்குக் கேட்ட அர்த்தம்தானே, அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு அவங்ககிட்ட என்னைக்காவது கேட்டிருக்கீங்களா என்றார்.

ரேணுகாவுக்கு மண்டைக்குள் ரத்தம் ஏறியது. கேட்கத் துணிந்தவனைப் பார் என்று இருந்தது. ஆனால் அவள் கேட்டதே இல்லை. மாடிப்படியில் பாதி இறங்கியவள் மறுபடி ஏறி வந்து, நாளைக்குக் காலையில் அளத்துக்கு வாங்க, உங்க முன்னாடியே கேக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்திரை மாதத்து அளத்தில் வேலை வெள்ளென ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். ரேணுகாவும் மேத்யூவும் வரப்பில் நடந்து போனபோது குப்பம்மாள் பாதிப் பாத்தியை வாரி முடித்திருந்தாள். மகளை அந்த நேரத்தில் அங்கே கண்டதும் ஒரு நொடி பலகை நின்றது. பிறகு திரும்பவும் இழுக்கத் தொடங்கினாள். "இன்னாடி, லீவா" என்று மட்டும் கேட்டாள்.

ரேணுகா சுற்றி வளைக்கவில்லை. கன்னத்தை வீங்க வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தையை ஊரெல்லாம் போஸ்டர் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், நீயும் சிரித்துக்கொண்டு நிற்கிறாய், இவரிடம் எதற்காக அப்படிச் சொன்னாய், என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று வரப்பில் நின்றபடி கத்தினாள். பக்கத்துப் பாத்திகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

குப்பம்மாளுக்கு முதலில் எதைப் பற்றிப் பேச்சு என்றே புரியவில்லை. மேத்யூ எடுத்துச் சொன்னதும் நினைவு வந்தது.

"கஷ்டமா இருக்குதான்னு கேட்டுச்சு இந்தத் தம்பி. கஷ்டம்னு சொன்னா விடுமா? எப்படிக் கஷ்டம், எங்க கஷ்டம்னு கேட்டுக்கிட்டே நிக்கும். வெயில் ஏறிட்டா காலு எரியும். பழகிப்போச்சுன்னு சொல்லிட்டா கேக்கிறவங்க போயிடுவாங்க. அதான் சொன்னேன்." மேத்யூ பக்கம் திரும்பினாள். "அப்புறம் நவுருப்பான்னுகூடச் சொன்னேனே. வழியில நின்னுக்கிட்டு இருந்தியே தம்பி."

மேத்யூவின் முகம் வெளிறிப்போயிற்று. ஆமாம் என்றார். அது பேச்சில் சேராத விஷயம் என்று நினைத்து வெட்டிவிட்டேன் என்றார்.

"அப்ப எதுக்கும்மா சிரிச்ச?" என்று கேட்டாள் ரேணுகா.

"இந்தத் தம்பி வழுக்கிப் பாத்தியில கால வெச்சிடுச்சு. முட்டி வரைக்கும் சேறு. பேண்ட்ட பாத்தேன், சிரிப்பு வந்துச்சு."

பக்கத்துப் பாத்தியில் யாரோ சிரித்தார்கள். ரேணுகாவுக்கு ஒரு கணம் தான் ஜெயித்துவிட்டதாக இருந்தது. பெருமனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, ஆளை விரட்டச் சொன்ன வார்த்தை என்று மேத்யூவைப் பார்த்தாள். ஆனால் அந்தச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் வருவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"எதிர்வீட்டு அக்காகிட்ட சொன்னியே, அது?"

"அவளும் போவட்டும்னுதான். காலங்காத்தால வந்து நின்னுக்கிட்டு, ஊரு பூராவும் போய்ச் சொல்றதுக்கு."

"அப்ப நான்? பழகிடும்னு எனக்குச் சொன்னியே. நானும் போவட்டும்னுதான் சொன்னியா?"

மேத்யூ சத்தமில்லாமல் நகர்ந்து அடுத்த வரப்புக்குப் போய்விட்டார்.

குப்பம்மாள் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

அவள் உள்ளூர்க்காரி இல்லை, மேற்கே நெல் விளைகிற ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். உப்பைச் சாப்பாட்டில் போட்டதைத் தவிர வேறு தெரியாது. கல்யாணமாகி வந்த உடனேயே அளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் நாளே கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னால் மாமியார் திட்டுவாள், புருஷன் அடிப்பான். இந்த வரப்பில்தான் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். செல்லம்மாள் என்று ஒருத்தி கூட வேலை செய்துகொண்டிருந்தாள். பேச்சுப் பழக்கம்கூடக் கிடையாது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இவளுடைய இரண்டு காலையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த குப்பியைத் திறந்து விளக்கெண்ணெய் போட்டு விரல் விரலாக நீவிவிட்டாள். தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். பழகிடும்டி பொண்ணே, பழகிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஊருக்கு வந்து என்ன ஒருத்தி தொட்டுப் பேசினது அன்னிக்குத்தான். எனக்கு ஒருத்தரு ஆறுதலா சொன்ன வார்த்தைன்னா அது ஒண்ணுதான். வேற தெரியாது. நீ அழுதுக்கிட்டு வந்து நின்ன. அதத்தான் எடுத்துச் சொன்னேன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் மனம் உருகியிருப்பார்கள். ரேணுகாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எனக்கு உன் செல்லம்மாளத் தெரியுமா? அவ கையையும் எண்ணெயையும் நீ உள்ளயே வெச்சுக்கிட்ட. வெறும் வார்த்தைய மட்டும் எடுத்து எனக்குக் குடுத்த. எனக்கு என்னம்மா கேக்கும்? அடிவாங்கிட்டு எதிர்வீட்டு அக்காகிட்ட சொன்னியே, அதுதான் கேட்டுச்சு. நான் வாங்கின மாதிரி நீயும் வாங்குன்னு கேட்டுச்சு."

"நான் அப்படிச் சொல்லல."

"எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. அன்னிக்கு ஒருநாள் இருன்னு சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்காவது போயிருப்பேன். இந்தக் காது இப்பக் கேக்காது. தெரியுமா உனக்கு?"

குப்பம்மாளுக்குத் தெரியாது. அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். கை தானாக எழுந்து பாதியில் நின்றுவிட்டது. பிறகு அவளுக்கும் கோபம் வந்தது. எனக்கு யார் சொன்னார்கள், நீ சொன்னாயா, வாசலோடு திரும்பிப் போனவள்தானே நீ என்று அவளும் குரலை உயர்த்தினாள். நீ கேட்டாயா என்று ரேணுகா திருப்பிக் கேட்டாள். குப்பம்மாள் எழுந்து பாத்தியில் இறங்கிப் பலகையை எடுத்து வெறி பிடித்தவள்போல இழுத்தாள். அடிச்சேறு கிளம்பி உப்பெல்லாம் கறுத்துவிட்டது. தூரத்திலிருந்து மேஸ்திரி, கண்ணு தெரியலையா உனக்கு, உப்பெல்லாம் பாழாகுது என்று கத்தினார்.

ரேணுகா திரும்பி நடந்தாள். மேத்யூ அவள் பின்னால் ஓடிவந்து, அந்த இடத்தையே படத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், சொன்னவளிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள். அவர் போய்க் கேட்டிருக்கிறார். குப்பம்மாள் வேலையை நிறுத்தாமலே, "எடுக்காத தம்பி. நான் சொன்னதுதான. முழுசா போடு" என்றாளாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடுதி அரங்கத்தில் நல்ல கூட்டம். பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர்கள், சுற்றுவட்டாரத்தில் தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரர்கள், கடைத்தெருக்காரர்கள். ரேணுகா போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் அறையில் உட்கார முடியவில்லை. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது, முன்வரிசையில் ஊதாப் புடவை கட்டிய முதுகு ஒன்று தெரிந்தது. குப்பம்மாள் தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். மகளின் அறை இந்த ஊரில் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

குப்பம்மாள் சொன்னபடியே மேத்யூ செய்திருந்தார். புல்லாங்குழல் இல்லை, படிக்கிற குரல் இல்லை. சேற்றில் கால் வைத்து அவர் தடுமாறுகிற சத்தம் கேட்டது. குப்பம்மாள் சிரித்தாள். பழகிப்போச்சு என்றாள். நவுருப்பா, வெயில் ஏறுது என்றாள். கேமரா நகர்ந்தது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பும் ரேணுகாவுக்குப் பிடிக்கவில்லை.

படம் முடிந்து விளக்கு போட்டதும் ஓர் அம்மாள் குப்பம்மாளிடம் வந்தாள். பெயர் அற்புதமேரி என்று சொன்னாள். வளர்ந்த மகன் ஒருவனைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்திருந்தாள். பிறந்ததிலிருந்தே நடக்க முடியாத பிள்ளை. குப்பம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். போஸ்டரில் அந்த முகத்தையும் வார்த்தையையும் பார்த்ததிலிருந்து தனக்கு ஒரு தெம்பு வந்திருக்கிறது, கர்த்தரே தனக்காகச் சொல்லி அனுப்பின மாதிரி இருந்தது என்றாள்.

ரேணுகா பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதானே பார்த்தார்கள், இப்போதுதானே எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் இவளுக்குக் கேட்டது வேறு ஒன்றுதான். எத்தனை முறை வெட்டி ஒட்டினால்தான் என்ன, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். அவங்க நவுருன்னுதாம்மா சொன்னாங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

குப்பம்மாள் முந்திக்கொண்டாள். சக்கர நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தாள், அந்த அம்மாளின் மெலிந்த தோளைப் பார்த்தாள்.

"கஷ்டமாத்தாம்மா இருக்கும்" என்றாள். "தெனம் தூக்கணுமில்ல."

அற்புதமேரி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய்விட்டது என்றாள். இருவரும் இடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ரேணுகா வெளியே வந்துவிட்டாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் குப்பம்மாள் வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ரேணுகா கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓட்டிப்போனாள். அங்கே பெண்கள் இரண்டு பேர் காலி மீன் கூடைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

வண்டியை நிறுத்தியதும் ரேணுகா கேட்டாள்.

"யாரோ ஒரு பொம்பளைக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்னு சொல்ல வந்துச்சில்ல. எனக்கு ஏம்மா வரல?"

குப்பம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டாள். "நேத்து நீ கத்தினியே. அதுக்கப்புறந்தான் வந்துச்சு" என்றாள்.

 ரேணுகாவின் கத்தலில் பிறந்த வார்த்தை இன்னொருத்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை நினைத்தால் வயிறு எரிந்தது. பஸ் வந்தது. மீன் கூடைக்காரிகளில் ஒருத்தி ஏறினாள். குப்பம்மாள் ஏறவில்லை.

"அன்னிக்கு இன்னாதான் நடந்துச்சு? எதுக்கு அடிச்சான்? அதச் சொல்லு."

"அடிச்சான். அவ்வளவுதான்."

"எதுக்குன்னு கேக்கிறேன்."

பஸ் போய்விட்டது. ரேணுகா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த செய்தி கிடைத்ததும் மரக்காணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். ஐயப்பன் போகக்கூடாது என்றான். செத்தால் போய்க்கொள் என்றான். அவர் என் அப்பா என்று சொன்னாள். அதற்குத்தான் அந்த அறை. அம்மாவை அடித்த மனுஷனைப் பார்க்கத்தான் கேட்டேன், அந்த ஆளைப் பார்க்கக் கேட்டுத்தான் என் காது போனது என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் கிறீச்சிட்டது. சொல்லச் சொல்லக் கோபம் குறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் திட்டியிருப்பாள். அது கூடிக்கொண்டுதான் போயிற்று.

குப்பம்மாள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ரேணுகா மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கேட்டாள்.

"அவன் அடிக்கும்போது அவன் அம்மா எங்கிருந்தா?"

"பக்கத்துலதான். டிவி பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"எழுந்து வரலையா?"

"சத்தத்தக் கூட்டி வெச்சுக்கிட்டாங்க."

குப்பம்மாள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. பலராமன் அடித்த காலத்திலும் அவள் வாயில் ரேணுகா கேட்டிராத வார்த்தை. மிச்சமிருந்த மீன் கூடைக்காரி திரும்பிப் பார்த்தாள். குப்பம்மாள் அவளைச் சட்டை செய்யவில்லை. அந்த வார்த்தையை இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"மேல சொல்லு" என்றாள் மகளிடம்.

ரேணுகா சொன்னாள்.